மிட்டாய் தின்ற மூடி

அத்தியாயம் 5

"எத்தனாவது நம்பர்ல இருக்கே?" என்று மேடம் கேட்டபோது கொசுறு நூற்றுப் பதினேழாவதில் இருந்தான்.

தன் பிறந்த நாளைப் போட்டுப் பார்த்தாயிற்று. மனைவியின் பிறந்த நாளைப் போட்டுப் பார்த்தாயிற்று. கல்யாண நாளில் மட்டும் சந்தேகம் வந்ததால், முன்னும் பின்னுமாக நாலு தேதிகளைச் சேர்த்தே போட்டுவைத்தான். சோதித்துப் பார்க்கக் கொடுத்த மாதிரி மூடி மசியவில்லை. கட்டைவிரல்தான் சிவந்துபோயிற்று.

"இந்த மூடிக்கு எங்க மாமியார் மனசு, மேடம். எதைச் சொன்னாலும் அசைய மாட்டேங்குது."

"ஒரு நம்பருக்கு எவ்வளவு நேரம் ஆகுது?"

"ஆறு செகண்ட். புலம்பாம போட்டா அஞ்சு."

"ஆயிரம் நம்பர் இருக்கு. ஒன்றரை மணி நேரம் புலம்பாம உக்காரணும்," என்றாள் மேடம். "நம்ம திருடன் அவ்வளவு பொறுமைசாலியா இருந்தா, திருடவே தேவையில்லையே. வேற ஏதாவது உத்தியோகத்துல நல்லா வந்திருப்பான்."

கொசுறு என்பது பெற்றோர் வைத்த பெயர் அல்ல. துப்பறியும் மேடத்தை அமர்த்தினால் கூடவே இலவசமாக ஓர் ஆள் வருகிறான் என்று எந்தக் காலத்திலோ ஒரு கட்சிக்காரர் சொல்லிவைத்தது, முப்பத்தாறு வயதில் இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பனான பிறகும் விட்டபாடில்லை. அவனும் அதற்கெல்லாம் அலட்டிக்கொள்கிற ரகம் கிடையாது. எங்கே போனாலும் தனக்கு டீ வருகிறதா என்பது மட்டுமே அவன் கவலை.

இப்போது அவர்கள் உட்கார்ந்திருந்தது பிளாஸ்டிக் பாட்டில்களும் மூடிகளும் செய்யும் ஒரு பட்டறையின் சாமான் அறையில். சுவருக்கு அந்தப் பக்கம் இயந்திரங்கள் தடக் தடக் என்று மூடிகளைத் துப்பிக்கொண்டிருந்தன. மணி இரண்டேகால். நாலு மணிக்குள் திருடனைப் பிடித்தாக வேண்டும். திருட்டுப் போனது பதினாலு பெப்பர்மிண்ட்.

சிரிக்கிற விஷயம்தான். ஆனால் அந்தப் பதினாலு மிட்டாயால் ஒரு குடும்பம் உடைகிற நிலைக்கு வந்திருந்தது.

பட்டறை முதலாளியின் மருமகள்தான் இங்கே புதுப் புது மூடிகளை வடிவமைப்பவள். கடுமையான வலி மாத்திரைகளை வீட்டில் வைத்துக்கொள்ள வேண்டிய நோயாளிகளுக்காக, பூட்டு வைத்த மூடி ஒன்றை இரண்டு வருடம் பாடுபட்டு உருவாக்கியிருந்தாள். மூடியில் மூன்று வளையங்கள், ஒவ்வொன்றிலும் பூஜ்யம் முதல் ஒன்பது வரை எண்கள். சரியான எண் வந்தால்தான் மூடி மேலே வரும். பெரிய ஆஸ்பத்திரி ஒன்றின் மருந்தகப் பொறுப்பாளர் இன்று நாலு மணிக்கு அதைப் பார்க்க வருகிறார்.

அவர் அசந்துபோகும்படி ஒரு வித்தை காட்ட வேண்டும் என்று முதலாளிக்கு ஆசை. திங்கட்கிழமை அவரே முப்பது மிட்டாய்களை எண்ணிப் பாட்டிலில் போட்டார். மருமகள் பூட்டினாள். பாட்டில் அவர் மேஜைமேல் எல்லோர் கண்ணிலும் படும்படி வாரம் முழுக்க இருக்கும், வெள்ளிக்கிழமை ஆஸ்பத்திரிக்காரர் முன்னால் திறந்து முப்பதையும் எண்ணிக் காட்டலாம் என்பது ஏற்பாடு. வியாழக்கிழமை காலை ஆட்டிப் பார்த்தபோது சத்தம் இளைத்திருந்தது. மருமகளை விட்டுத் திறக்கச் சொன்னால் உள்ளே பத்தொன்பதுதான். உடனே வேறு மூடி, வேறு எண் போட்டுப் பூட்டினார்கள். இன்று காலை பதினாறு. மூடியில் கீறல்கூட இல்லை. அறைச் சாவி முதலாளியின் இடுப்பைவிட்டு இறங்கியதே இல்லை.

முதலாளிக்குக் கணக்கு சுலபமாகப் போயிற்று. எண் தெரிந்தவள் மருமகள் ஒருத்தி. அவளுடைய அண்ணன் வேலை பார்ப்பது போட்டிக் கம்பெனியில். மூடி லாயக்கில்லை என்று ஆக்கிவிட்டு, வடிவத்தை அண்ணனுக்குக் கொடுத்துவிடப் பார்க்கிறாள் என்று பட்டறை நடுவில் நின்று சொல்லிவிட்டார். கையும் களவுமாகப் பிடித்துக் கொடுங்கள் என்று மேடத்தை வரவழைத்ததும் அவர்தான்.

மருமகள் அழவில்லை, கத்தவும் இல்லை. நாலு மணிக்குள் தன்மேல் விழுந்த பழி தீராவிட்டால், வடிவமைப்புத் தாள்களை மேஜைமேல் வைத்துவிட்டு இந்த வீட்டைவிட்டும் பட்டறையைவிட்டும் போய்விடுவதாகச் சொன்னாள். அவள் புருஷன், அதாவது முதலாளியின் மகன், அப்பா பேசும்போது அப்பாவைப் பார்த்தும் மனைவி பேசும்போது மனைவியைப் பார்த்தும் தலையாட்டிக்கொண்டிருந்ததில் கழுத்தைச் சுளுக்கிக்கொண்டான்.

கொசுறு தன் பங்குக்கு ஏற்கெனவே ஒரு விசாரணை நடத்தியிருந்தான். பட்டறையில் வேலை பார்க்கும் பதினான்கு பேரையும் வரிசையில் நிறுத்தி ஊதச் சொல்லி மோந்து பார்த்தான். இரண்டு பேர் வெங்காயம் தின்றிருந்தார்கள். ஒருவர் பல் விளக்கவில்லை. பெப்பர்மிண்ட் வாசனை ஒருவரிடமும் இல்லை.

"சரி, மூடியை எடுத்துக்கோ," என்று மேடம் எழுந்தாள். "பெத்தவகிட்டயே கேப்போம்."

மருமகளின் இடம் முதலாளி அறைக்கு எதிரே இருந்த நீளமான மேஜை. நடுவில் ஒரு கண்ணாடித் தடுப்பு. அந்தப் பக்கம் முதலாளி ஒரு பென்சிலின் வாலைக் கடித்தபடி உட்கார்ந்திருப்பது நன்றாகத் தெரிந்தது. நாலு மாதத்துக்கு முன் டாக்டர் சிகரெட்டை நிறுத்தச் சொன்னதிலிருந்து மாமா பென்சில்களைத்தான் ஒழித்துக்கொண்டிருக்கிறார் என்றாள் மருமகள். சந்தேகப்பட்டவரைப் பற்றிச் சொல்லும்போதும் அவள் குரலில் மரியாதை குறையாததைக் கொசுறு கவனித்தான். அவனாக இருந்தால் அந்தப் பென்சிலில் வேப்பெண்ணெய் தடவியிருப்பான்.

மேடம் மூடியைப் பிரித்துக் காட்டச் சொன்னாள். மருமகள் மூன்று வளையங்களையும் கழற்றி வைத்தாள். ஒவ்வொரு வளையத்தின் உள்பக்கத்திலும் ஒரு பள்ளம். மூன்று பள்ளங்களும் ஒரே நேர்கோட்டில் வந்தால் மூடி விடுபடும், அவ்வளவுதான் சூட்சுமம். கொசுறு ஒரு வளையத்தை எடுத்துச் சுற்றிப் பார்த்து, வெளி விளிம்பில் என்னவோ நெருடுகிறது என்றான்.

"பிசிறுங்க. உருகின பிளாஸ்டிக் அச்சுக்குள்ள நுழையற இடத்துல ஒரு முனை மிஞ்சும். பிளேடால சீவிடுவோம். அப்படியும் துளி நிக்கும். கண்ணுக்குத் தெரியாது, நகத்துல பட்டாத்தான் தெரியும்."

"எண் ஒட்டறது யாரு?" என்று மேடம் கேட்டாள்.

"நான்தான். எண் அச்சடிச்ச பட்டையை ஒவ்வொரு மூடிக்கும் ஒவ்வொரு இடத்துல ஆரம்பிச்சு ஒட்டுவேன். அதனாலதான் ஒரு மூடியோட நம்பர் இன்னொண்ணுக்கு வராது."

"உள்ள இருக்கிற பள்ளம்?"

"அது அச்சுலயே வர்றது. எல்லாத்துக்கும் ஒண்ணுதான்."

மேடம் அந்த வளையத்தைக் கொஞ்ச நேரம் விரலில் மோதிரம் போல் மாட்டிச் சுற்றினாள். பிறகு முதலாளியிடம் இரண்டு நிமிஷம் பேசிவிட்டு வரலாம் என்று கிளம்பினாள். கொசுறுவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆனால் மேடத்தின் நடையில் ஒரு துள்ளல் இருந்தது. அது மாதத்துக்கு ஒரு தடவைதான் வரும்.

முதலாளியின் அறையில் மேடம் திருடனைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அவர் தொழிலுக்கு வந்த கதையைக் கேட்டாள். அவ்வளவு போதுமே, மனிதர் பென்சிலைக் கீழே வைத்துவிட்டார். இயந்திரத்தடியில் உட்கார்ந்து பிசிறு சீவுகிற ஆளாகத்தான் ஆரம்பித்தாராம். இருபது வருடம் அதே வேலையாம். ஒரு நாளைக்கு மூவாயிரம் மூடி இந்தக் கை வழியாகப் போகுமாம். இன்றைக்கும் எந்தப் பிளாஸ்டிக்கைத் தொட்டாலும் கட்டைவிரல் நகம் தானாக விளிம்பைத் தடவிப் பார்க்குமாம். அந்த நகத்தை அவர் பெருமையோடு நீட்டிக் காட்டினார். பழுப்பேறி, ஒரு சின்ன உளி மாதிரி இருந்தது.

அவர் பேசிக்கொண்டிருக்கையில் மேடம் மேஜைமேல் இருந்த பேனா மூடி, அளவுகோல், மேஜை போன், கால்குலேட்டர் எல்லாவற்றின் ஓரத்தையும் சும்மா தடவிக்கொண்டிருந்தாள். ஒரு நோட்டம் விட்ட கொசுறு தானும் அளவுகோலைத் தடவிப் பார்த்தான். வெண்ணெய் போல் வழவழவென்று இருந்தது. அழுக்கு இருக்கிறதா என்று பார்க்கிறாளாக்கும் என்று நினைத்துக்கொண்டான்.

வெளியே வந்ததும் மேடம் கேட்டாள்: "உனக்கு முன்பின் தெரியாத ஒருத்தர்கிட்ட அஞ்சு நிமிஷம் விடாம பேச முடியுமா?"

"ஆரம்பிக்கச் சொல்லாதீங்க மேடம், நிறுத்தச் சொல்லுங்க. அதான் எனக்குக் கஷ்டம்."

"இங்க நின்னு உன் செல்போன்ல இருந்து முதலாளியோட மேஜை போனுக்குப் பேசு. மூடி வாங்க வந்த ஆள் மாதிரி. என்ன வேணா பேசு, ஆனா அவரை வைக்க விடாதே. அவர் இந்தப் பக்கம் திரும்ப மாட்டார். போன் வந்தா ஜன்னல் பக்கம் பாத்துதான் பேசறார், காலைல இருந்து பாத்துட்டேன்."

மருமகளையும் மகனையும் கூப்பிட்டுக் கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் நிறுத்தினாள். மிட்டாய்ப் பாட்டில் பூட்டியபடி அவர் மேஜைமேல்தான் இருந்தது. உள்ளே பதினாறு.

மணி அடித்தது. முதலாளி எடுத்தார்.

கொசுறு அன்றைக்குத் தேன் வியாபாரி ஆனான். தன் தேன் பாட்டில்களுக்கு மூடி சரியில்லை என்றும், எறும்பு வருகிறது என்றும், எறும்பு வராத மூடி கிடைக்குமா என்றும் கேட்டான். முதலாளி ரிசீவரைக் காதுக்கும் தோளுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு, ஜன்னலைப் பார்த்தபடி, எறும்பு மூடி வழியாக வருகிறதா பாட்டிலின் வெளிப்புறத்தில் ஒழுகிய தேனுக்கு வருகிறதா என்று நியாயமான ஒரு சந்தேகத்தைக் கிளப்பினார். கொசுறு அதை அவமானமாக எடுத்துக்கொண்டு, தன் தேன் ஒழுகுகிற தேன் இல்லை, அது கட்டித் தேன் என்று வாதாடத் தொடங்கினான்.

அப்போதுதான் முதலாளியின் வலது கை மேஜைமேல் ஊர்ந்தது. பாட்டிலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டது.

கட்டைவிரல் நகம் முதல் வளையத்தின் விளிம்பில் ஓடி, ஓர் இடத்தில் நின்றது. இரண்டாவது வளையம் சுற்றியது, நின்றது. மூன்றாவதும் சுற்றி நின்றது. மூடி பூப்போல மேலே வந்தது. இரண்டு விரல்கள் உள்ளே போய் ஒரு மிட்டாயோடு திரும்பின. மிட்டாய் வாய்க்குள் போயிற்று. மூடி மறுபடி உட்கார்ந்தது, வளையங்கள் மூன்றும் கலைந்தன, பாட்டில் பழைய இடத்துக்கே போய்ச் சேர்ந்தது. இவ்வளவுக்கும் அவர் ஜன்னலைவிட்டுக் கண்ணை எடுக்கவே இல்லை. வெளியே ஒரு லாரி பின்பக்கமாக வந்துகொண்டிருந்தது, அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

வாழ்க்கையில் முதல் தடவையாகக் கொசுறுவுக்குப் பேச்சு வரவில்லை.

"ஹலோ, லைன்ல இருக்கீங்களா? கட்டித் தேன்னு சொன்னீங்களே," என்றார் முதலாளி, ஒரு கன்னம் உப்பியபடி.

நால்வரும் உள்ளே போனார்கள். முதலாளி ரிசீவரைப் பொத்திக்கொண்டு, ஒரு தேன்காரன் கழுத்தறுக்கிறான், ஒரு நிமிஷம் இருங்கள் என்று சைகை காட்டினார். கொசுறு தன் செல்போனை உயர்த்திக் காட்டி வணக்கம் சொன்னான்.

"ஐயா, வாயில என்ன?" என்று மேடம் கேட்டாள்.

"ஒண்ணுமில்லையே," என்றார் அவர். சொல்லும்போதே மிட்டாய் பல்லில் பட்டு டொக்கென்றது.

அந்த முகத்தைக் கொசுறு வெகுநாள் மறக்க மாட்டான். முதலில் குழப்பம். பிறகு நாக்கு மிட்டாயைக் கண்டுபிடித்தது. பிறகு கண் பாட்டிலுக்குப் போயிற்று, அங்கிருந்து தன் கட்டைவிரலுக்கு வந்தது. மகன் சுளுக்கிய கழுத்தைப் பிடித்துக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிக் குலுங்கினான். பதினான்கு பேர் வாயை மோந்தவன் முதலாளி வாயை மட்டும் மரியாதைக்காக விட்டுவிட்டதாகக் கொசுறு தன் பக்க நியாயத்தைச் சொன்னான்.

மேடம் விளக்கியது சுருக்கம்தான். எண் பட்டை மூடிக்கு மூடி மாறும். ஆனால் பிசிறும் பள்ளமும் அச்சிலேயே பிறக்கிறவை, இரண்டுக்கும் நடுவே உள்ள தூரம் எல்லா வளையத்திலும் ஒன்றுதான். மூன்று பிசிறும் நேராக நின்றால் மூன்று பள்ளமும் நேராக நின்றுவிடும். எண்ணே தேவையில்லை. இந்த மேஜையில் உள்ள ஒரு சாமானிலும் பிசிறு மிச்சமில்லை, இவர் நகம் எல்லாவற்றையும் தேடிப் பிடித்து வழித்துவிட்டது. இந்த மூடியில் மட்டும் வழிக்கப் போன நகம் திறக்கக் கற்றுக்கொண்டுவிட்டது. சிகரெட்டை விட்ட வாய் மிச்சத்தைப் பார்த்துக்கொண்டது.

"கையும் களவுமா பிடிக்கச் சொன்னீங்க," என்று முடித்தாள். "கை இதோ. களவு இன்னும் கன்னத்துலதான் இருக்கு."

மருமகள் மட்டும் சிரிக்கவில்லை. பாட்டிலை எடுத்தாள். கண்ணை மூடிக்கொண்டு நகத்தால் தேடினாள். முதலாளிக்கு அரை நிமிஷம் ஆன வேலை அவளுக்கு மூன்று நிமிஷம் ஆயிற்று, ஆனால் மூடி வந்துவிட்டது. இரண்டு வருட உழைப்பு கையில் திறந்து கிடந்ததைப் பார்த்தபோதுதான் அவள் கண் கலங்கிற்று. பழி சுமந்தபோது வராத கண்ணீர் அது.

முதலாளி மிட்டாயை ஒரு வழியாக விழுங்கிவிட்டு, ஓடி வந்து அவளைத் தேற்றினார். தேற்றிய விதம்தான் கோணலாகப் போயிற்று. இருபது வருடம் பிசிறு சீவிய நகம் ஊரில் எத்தனை பேருக்கு இருக்கும், இதை யார் கண்டுபிடிக்கப் போகிறார்கள், நாலு மணிக்கு வாயைத் திறக்காமல் காட்டிவிடுவோம், உத்தரவு கையில் வந்த பிறகு சரிசெய்துகொள்ளலாம் என்றார்.

"என்கிட்ட கேட்டா நீங்க திறந்தது தப்பில்ல மாமா," என்றாள் மருமகள். "வலி தாங்காம படுத்திருக்கிறவர் வீட்டுல ஒரு சின்னப் புள்ள இருக்கும். அதுக்கு வேற வேலையே இல்ல, நாள் பூரா இதை வச்சு நோண்டும். உங்க நகம் வேணாம், அதோட பொழுதுபோகாத விரல் போதும். நீங்க இதை இப்படியே காட்டினா, நான் திருடி இல்லன்னு ஆன பிறகும் இங்க இருக்க மாட்டேன்."

கொசுறுவுக்கு ஏதாவது சொல்லி நிலைமையை லேசாக்க நாக்கு துறுதுறுத்தது. மேடம் அவன் காலை மிதித்தாள்.

சரியாக அந்த நேரம் பார்த்து, பத்து நிமிஷம் முன்னதாகவே, மருந்தகப் பொறுப்பாளர் வந்து சேர்ந்தார். சந்தன நிறச் சட்டை, பையில் நாலு பேனா, எதையும் சுலபத்தில் நம்பாத புருவம். உட்கார்ந்ததும் உட்காராததுமாக, இந்த மூடியை எண் தெரியாமல் யாராலும் திறக்க முடியாதுதானே என்று கேட்டார்.

முதலாளி மருமகளைப் பார்த்தார். மகன் இந்தத் தடவை யார் பக்கமும் தலையாட்டாமல், மனைவியின் பக்கத்தில் போய் நின்றுகொண்டான். ஒரு சொல் தப்பிப் போனாலும் அந்தப் பெண் வாசலைத் தாண்டிவிடுவாள் என்பது கொசுறுவுக்குத் தெரிந்திருந்தது.

முதலாளி பாட்டிலைக் கையில் எடுத்தார். "நான் திறப்பேன் சார்," என்றார்.

திறந்தும் காட்டினார், இம்முறை மூடியைப் பார்த்துக்கொண்டே. பிசிறு, பள்ளம், போன், மிட்டாய் எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னார். இரண்டு நாளாக வீட்டுப் பெண்ணைத் திருடி என்று சொல்லிக்கொண்டிருந்ததையும் சேர்த்துச் சொன்னார். அது தேவையே இல்லாத விவரம். அதைத்தான் அவர் மற்றவற்றைவிட உரக்கச் சொன்னார்.

மருந்தகப் பொறுப்பாளரின் புருவம் மெல்ல இறங்கியது. இத்தனை வருடத்தில் தன் மூடியில் ஓட்டை இருக்கிறது என்று சொல்லி விற்க வந்த முதல் ஆள் நீங்கள்தான் என்றார். இதற்கு வழி உண்டா என்று கேட்டதற்கு, மருமகள் ஒரு வளையத்தை எடுத்துச் சுற்றிலும் விரலால் தொட்டுக் காட்டினாள். பிசிறை எடுக்கப் போவதில்லை, அச்சிலேயே இன்னும் ஒன்பது பிசிறுகளைச் சேர்க்கப் போகிறாளாம். ஒன்று நிஜம், ஒன்பது பொய். எந்த நகம் வந்தாலும் ஊரைச் சுற்றிவிட்டுத் திரும்ப வேண்டியதுதான். மூன்று வாரம் போதுமா என்றார் அவர். நாலு வேண்டும் என்றாள். நாலு என்று குறித்துக்கொண்டார்.

"இப்போதைக்கு இதோட நம்பர் யார் யாருக்குத் தெரியும்?"

"எங்க மருமகளுக்கு மட்டும்தான்," என்றார் முதலாளி. "இனிமே வர்ற மூடிக்கும் அப்படித்தான்."

எண் போட்டுத் திறப்பதையும் ஒரு முறை பார்த்துவிட வேண்டும் என்று மருந்தகப் பொறுப்பாளர் விரும்பினார். மருமகள் பாட்டிலை முன்னால் இழுத்து முதல் வளையத்தில் விரல் வைத்தாள். யாரும் சொல்லவில்லை, யாரும் எதிர்பார்க்கவும் இல்லை. முதலாளி எழுந்து, தன் நாற்காலியை அப்படியே சுவர்ப்பக்கம் திருப்பிப் போட்டு, எல்லோருக்கும் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்தார்.

மூன்று வளையங்களும் சுற்றின. மூடி திறந்தது. மருந்தகப் பொறுப்பாளர் ஒரு மிட்டாய் எடுத்துக்கொண்டார். மேடம் ஒன்று எடுத்துக்கொண்டாள். கொசுறு இரண்டு எடுத்துக்கொண்டான். மருமகள் மூடியைப் பூட்டி, வளையங்களைக் கலைத்து, பாட்டிலைத் துடைத்து வைத்தாள். அதற்குப் பிறகும் கொஞ்ச நேரம் அந்த வெள்ளைச் சட்டை முதுகைப் பார்த்துக்கொண்டே நின்றாள். முகத்தில் சிரிப்பு வந்து உட்கார்ந்த பிறகுதான் வாயைத் திறந்தாள்.

"பூட்டியே ரொம்ப நேரமாச்சு மாமா. திரும்புங்க."